ஏழையும் வாணிபமும்

வாணிபம் என்ற சொல்லைக் கேட்டதும் இலாபம் என்ற சொல்லும் கூடவே நினைவுக்கு வருகிறது. ஏழை என்ற சொல்லைக் கேட்டதும் உதவி, தருமம் என்ற சொற்கள் வருகின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி உலகங்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இவ்விரு உலகங்களுக்கும் இடையே பாலம் கட்ட இயலுமா என்று ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர் என்று எங்கள் வணிகவியல் ஆசிரியை கூறியபோது வியப்படைந்தோம். அவர்தான் சி. கே. பிரகலாத். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி வகுப்பில் படித்தோம். படித்த பின் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டோம். அந்தப் படிப்பையும் வாதத்தையும் இவ்வாண்டு மலரின் வாயிலாகத் தங்கைமார்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இளமையும் கல்வியும்

பிரகலாத் 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் பிறந்தார். குழந்தைகள் ஒன்பது பேர் கொண்ட பெரிய குடும்பம் அவருடையது. தந்தையார் நீதிபதி, வடமொழிப் புலமை மிக்கவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று 1960-இல் பட்டம் பெற்ற பிரகலாத், பத்தொன்பதாம் வயதிலேயே சென்னையிலிருந்த யூனியன் கார்பைடு கம்பெனியின் பாட்டரித் தொழிற்சாலையில் பணியில் சேர்ந்தார். அங்கே நான்கு ஆண்டுகள் உழைத்தார்.

அத்தொழிற்சாலையில் அவர் கற்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. ஒரு பொருளைச் செய்ய இவ்வளவு நேரம் ஆகும், அதற்கு இவ்வளவு கூலி என்று கணக்கிடும் வேலை அவருடையது. தொழிற்சங்கத்தாரோடு அமர்ந்து பேசினால்தான் அக்கணக்கு நிலைக்கும். இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளிக்குத் தம்மைக் காட்டிலும் அவ்வேலையைப் பற்றி அதிகம் தெரியும் என்பதை இளைஞர் பிரகலாத் அங்கே உணர்ந்தார். தம் வாழ்வில் ஒரு திருப்புமுனையாக அமைந்த காலம் அதுவே என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு.

அதே கம்பெனியின் பெயரை உலகம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறது. பிரகலாத் அங்கிருந்து விலகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்ற பின், 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில், போபால் நகரில் அக்கம்பெனியின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தொழிற்சாலையின் சுவரை ஒட்டி வாழ்ந்த ஏழைகளே முதலில் பலியாயினர். கணக்குப் புத்தகத்தில் இலாபம் மட்டும் இருந்தால் போதாது. சுவருக்கு வெளியே இருப்பவனும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமோ?

பேராசிரியர் ஆனார்

அகமதாபாத்தில் 1961-இல் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கப் பெற்றது. அங்கு முதுநிலைப் படிப்பின் முதல் அணியில் சேர்ந்து 1966-இல் தேறியவர்களில் பிரகலாதும் ஒருவர். பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பித் தாம் பயின்ற அகமதாபாத் கழகத்திலேயே கற்பித்தார். அதன் பின் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்; வாழ்நாளின் இறுதிவரை அதன் பேராசிரியராகவே இருந்தார்.

மேலாண்மை இயல் பேராசிரியர் என்ன செய்வார் என்று தங்கைமார் கேட்கலாம். அவர் கடை நடத்துவதில்லை. கடை நடத்துவோர் எவ்வாறு முடிவெடுக்கிறார்கள், ஒருவன் வெல்ல மற்றொருவன் ஏன் தோற்கிறான் என்பவற்றை அருகில் நின்று கவனித்து அதற்குரிய காரணத்தைக் கண்டுபிடிப்பதே அவர் தொழில். மருத்துவர் நோயாளியை ஆராய்வதுபோல் அவர் நிறுவனங்களை ஆராய்கிறார்.

அப்படி ஆராய்ந்து, கேரி ஹாமெல் என்ற அறிஞருடன் சேர்ந்து பிரகலாத் 1990-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் புகழ் பெற்றது. அதன் சாரம் எளிது. ஒரு பெரிய நிறுவனத்தை மரமாக எண்ணிக் கொள்ளுங்கள். இலையும் பூவும் கனியும் கடையில் நாம் வாங்கும் பொருள்கள். ஆனால் மரத்தை நிறுத்தி வைப்பதும் ஊட்டமளிப்பதும் கண்ணுக்குத் தெரியாத வேர். ஹோண்டா நிறுவனம் மோட்டார் சைக்கிள் செய்கிறது, கார் செய்கிறது, புல் வெட்டும் இயந்திரமும் செய்கிறது. அனைத்துக்கும் வேர் ஒன்றே: சிறந்த எஞ்சின் செய்யும் திறமை. ஆகவே இலைகளை எண்ணிக் கொண்டிராமல் உங்கள் வேர் எது என்று அறியுங்கள் என்று அவர்கள் நிறுவனத் தலைவர்களுக்கு உரைத்தனர். இவ்வறிவுரை மாணவியராகிய நமக்கும் பொருந்துமன்றோ? மதிப்பெண் இலை, கற்கும் பழக்கமே வேர்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுந்த வினா

பெரிய நிறுவனங்கள் பலவும் அவருடைய ஆலோசனையை நாடின. அவர் அத்துடன் மனநிறைவு கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் 1995-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது அவர் உள்ளத்தை ஒரு வினா விடாமல் உறுத்தியது. ஊரெல்லாம் மகிழ்ச்சியில் திளைக்கும் இவ்வேளையில், உலகின் பரம ஏழைகளுக்காக நாம் என்ன செய்கிறோம்? இத்தனை அறிவும் இத்தனை முதலும் இத்தனை தொழில்நுட்பமும் இருந்தும் வறுமை ஏன் நீங்கவில்லை? இவ்வினா எழுந்ததைப் பிற்காலத்தில் தம் நூலின் முன்னுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார்.

ஸ்டூவர்ட் ஹார்ட் என்னும் பேராசிரியர் தொழில்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வந்தவர். அவருடன் சேர்ந்து பிரகலாத் ஒரு கட்டுரை எழுதினார். பல ஆண்டுகள் அதனை எந்த இதழும் ஏற்கவில்லை. உலகப்புகழ் பெற்ற பேராசிரியரின் கட்டுரையும் திருப்பி அனுப்பப்படும் என்பது, கட்டுரைப் போட்டியில் பரிசு பெறாத எங்களைப் போன்றோர்க்கு ஓர் ஆறுதல். இறுதியில் 2002-இல் அது வெளிவந்தது. 2004-இல் நூலாக விரிந்தது.

சமுதாயத்தை ஒரு கூம்பாக வரைந்தால் உச்சியில் சில செல்வர்; அடியில் கோடானுகோடி ஏழைகள். நாளொன்றுக்கு 2 டாலருக்கும் குறைந்த வருவாயில் வாழ்வோர் சுமார் 400 கோடிப் பேர் என்று அவர் கணக்கிட்டார். இவர்களிடம் பணமில்லை, ஆகவே இவர்கள் வாணிபத்துக்கு உதவாதவர்கள் என்று பெரிய நிறுவனங்கள் ஒதுக்கி விட்டன. அரசும் தரும நிறுவனங்களும் பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டன. இது பெருந்தவறு என்றார் பிரகலாத். ஏழை கையேந்தி நிற்பவன் அல்லன். தேர்ந்து வாங்கத் தெரிந்தவன், தொழில் செய்யத் தெரிந்தவன். அவனை மதித்து அவனுக்கேற்ற பொருளைச் செய்தால் அவனும் உயர்வான், நிறுவனமும் வாழும் என்பது அவர் கொள்கை.

ஏழைக்கு விதிக்கப்படும் அபராதம்

பணமில்லாதவன் குறைந்த விலையில் வாங்குகிறான் என்றுதான் நாம் நினைக்கிறோம். பிரகலாத் மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியையும், அதே நகரில் செல்வர் வாழும் வார்டன் சாலைப் பகுதியையும் ஒப்பிட்டுக் காட்டினார். அதே தண்ணீருக்குத் தாராவிவாசிகள் 37 மடங்கு அதிக விலை கொடுத்தனர். வயிற்றுப்போக்குக்கான மருந்துக்குப் பத்து மடங்கு. அரிசிக்குக்கூடக் கூடுதல் விலை. கடனுக்கோ கந்துவட்டி. குழாய் இல்லாத வீட்டில் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர் வட்டிக் கடைக்குத்தான் போக வேண்டும். ஏழையாக இருப்பதற்கே ஓர் அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது என்று இதனைக் கூறலாம்.

இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒருத்தி எழுந்து, “எங்கள் தெருவிலும் அப்படித்தான், டீச்சர். குடம் கணக்கில்தான் தண்ணீர் வாங்குகிறோம். ஆனால் இதை யாரும் கணக்குப் போட்டு எழுதுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை” என்றாள். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

இந்த அபராதத்தை நீக்க வழி யாது? பிரகலாத் ஒரு சிறிய கணக்கைத் திருப்பிப் போட்டார். செலவோடு இலாபத்தைக் கூட்டினால் விலை என்று நாம் படிக்கிறோம். அவர் சொன்னதோ, விலையிலிருந்து இலாபத்தைக் கழித்தால் செலவு என்பது. அதாவது, ஏழை கொடுக்கக்கூடிய விலையை முதலில் நிர்ணயம் செய்யுங்கள். அந்த விலைக்குள் அடங்குமாறு செய்முறையை மாற்றுங்கள். தரத்தைக் குறைக்காதீர்கள். பழைய முறையில் ஐந்தோ பத்தோ குறைப்பது போதாது. முறையையே புதிதாகச் சிந்திக்க வேண்டும் என்றார்.

மதுரையில் ஒரு சான்று

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று நம் மதுரையில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், அவ்விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்த பெருமகனார் அவர்.

அங்கே நடைபெறும் முறையைக் கேளுங்கள். அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் கண்புரையை நீக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. இதனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆகும் செலவு வெகுவாகக் குறைகிறது. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்துகின்றனர். அதனைக் கொண்டு ஏழைகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்வை பெறுகின்றனர். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை எட்டாது. ஆகவே 1992-இல் அவர்களே ஆரோலேப் என்னும் தொழிற்சாலையைத் தொடங்கி, மிகக் குறைந்த விலையில் வில்லை செய்தனர். பிரகலாதின் நூல் வெளிவந்த காலத்தில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு இலட்சம் அறுவைச் சிகிச்சைகள் அங்கே நடைபெற்று வந்தன.

எங்களை மிகவும் கவர்ந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. அம்மருத்துவமனைப் பணியாளரில் பெரும்பான்மையோர் கிராமப்புறப் பெண்கள். பள்ளி இறுதி வகுப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளிக்கின்றனர். கண் பரிசோதனை, அறுவைக்கு ஆயத்தம் செய்தல், நோயாளிக்கு ஆறுதல் கூறி விளக்குதல் ஆகியவை அவர்கள் பொறுப்பு. அறுவையை மட்டும் மருத்துவர் செய்கிறார். எனவே அங்கே ஏழை, சிகிச்சை பெறுபவர் மட்டுமல்லர்; சிகிச்சை அளிப்பதில் பங்கு கொள்பவரும் ஆவார். நம் வயதுப் பெண்ணொருத்தி மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறாள். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்து வரும் வாதத்துக்கு இது தேவைப்படும்.

எதிர்ப்புக் குரல்

பிரகலாதின் கருத்தை அனைவரும் ஏற்கவில்லை. அவர் பணிபுரிந்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அதே மேலாண்மைத் துறையில் பேராசிரியராக இருந்த அனீல் கர்னானி என்பவர் 2007-இல் அதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். ஏழைகளின் எண்ணிக்கையும் அவர்களிடமுள்ள பணமும் மிகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஏழையிடம் பொருளை விற்பதால் அவன் வறுமை நீங்காது. அவன் செய்யும் பொருளை வாங்குவதாலும் அவனுக்கு வேலை தருவதாலுமே நீங்கும் என்பது அவர் வாதம்.

சிறு பாக்கெட் ஷாம்புவை எடுத்துக் கொள்வோம். இதன் பிறப்பிடமும் தமிழகமே. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் இதற்கு முன்னோடி. அவருடைய மக்கள் அதனை ஊரெங்கும் பரப்பினர். பெட்டிக்கடைதோறும் சரம் சரமாகத் தொங்கும் இப்பாக்கெட்டுகள், ஏழைக்கும் நல்ல பொருள் கிட்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு என்றார் பிரகலாத். சிறிதாகக் கட்டி விற்பதால் பொருள் மலிவாகி விடாது; வசதி மட்டுமே கூடுகிறது; மேலும் அது குப்பையைப் பெருக்குகிறது என்றார் கர்னானி.

இன்னோர் எடுத்துக்காட்டு பெண்களாகிய நம்மை நேரே தொடுவது. தோலை வெளுப்பாக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஃபேர் அண்ட் லவ்லி என்னும் பூச்சை ஏழைப் பெண் தன் காசில் வாங்குவது அவளுக்குத் தன்னம்பிக்கை அளிக்கும் தேர்வு என்று பிரகலாதும் வேறோர் ஆய்வாளரும் எழுதினர். கறுப்பு நிறம் தாழ்வு என்னும் எண்ணத்தை விற்பது எப்படி உயர்வு ஆகும் என்று கர்னானி வினவினார். அப்பூச்சின் பெயரே 2020-இல் மாற்றப்பட்டது. இவ்விஷயத்தில் மட்டும் எங்கள் வகுப்பு இரு கட்சியாகப் பிரியவில்லை. அனைவரும் கர்னானியின் பக்கமே நின்றோம்.

ஆனால் பாக்கெட்டைப் பற்றிய வாதம் எளிதில் முடியவில்லை. “பெரிய புட்டி வாங்கினால் கணக்குக்கு இலாபம்” என்றாள் ஒருத்தி. “எங்கள் அம்மாவுக்கு வாரக் கூலி. சனிக்கிழமை கையில் இருப்பது புதன்கிழமை இருக்காது. புட்டிக்குப் பணம் சேர்த்து வைக்கச் சொல்வது சுலபம், சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்” என்று மற்றொருத்தி பதிலளித்தாள். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. இறுதியில் ஆசிரியை, “நீங்கள் இருவரும் ஷாம்புவைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஒருவர் கூலியைப் பற்றிப் பேசுகிறீர்கள்” என்றார். எங்களுக்குச் சட்டென்று விளங்கியது. பிரகலாத் விலையைத் திருத்த முனைந்தார். கர்னானி கூலியைத் திருத்தச் சொன்னார். அரவிந்த் மருத்துவமனையில் இரண்டும் ஒன்றாக நடப்பதால்தான் அது ஐயமற்ற சான்றாக நிற்கிறது.

பூமி தாங்குமா?

மற்றொரு வினா எஞ்சி நிற்கிறது. செல்வர் இன்று பொருள்களைச் செலவழிப்பதுபோலவே கோடானுகோடி ஏழைகளும் செலவழிக்கத் தொடங்கினால் பூமி தாங்குமா? தாங்காது என்பதை 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பிரகலாதும் ஹார்ட்டும் ஒப்புக் கொண்டிருந்தனர். ஆகவே ஏழைகளுக்கான பொருள்கள் பழைய பொருள்களின் சிறிய வடிவமாக இருக்கலாகாது. குறைந்த நீர், குறைந்த மின்சாரம், குறைந்த கழிவு என்ற முறையில் புதிதாகப் பிறக்க வேண்டும் என்று வற்புறுத்தினர்.

வாழ்வின் இறுதிக் கட்டத்தில் பிரகலாத் இதையே தம் ஆராய்ச்சிக்கு மையமாகக் கொண்டார். ராம் நிடுமோலு, எம். ஆர். ரங்கஸ்வாமி ஆகியோருடன் முப்பது பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து 2009-இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். சுற்றுச்சூழலைக் காப்பது செலவு, அதனால் இலாபம் குறையும் என்று நிறுவனங்கள் முணுமுணுக்கின்றன. அது சரியன்று, அதுவே புதிய கண்டுபிடிப்புகளின் ஊற்று என்றனர் மூவரும். ஒரு சான்று: கணிப்பொறியின் உறுப்புகளைப் பற்ற வைக்க ஈயம் கலந்த பற்றாசு பயன்பட்டு வந்தது. ஈயம் நஞ்சு, அரசுகள் ஒருநாள் அதனைத் தடை செய்யும் என்று ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1990-களிலேயே உணர்ந்தது. தடை வரட்டும் என்று காத்திராமல், வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த மாற்றுப் பற்றாசை ஆராய்ந்து உருவாக்கியது. ஐரோப்பிய நாடுகளில் 2006 ஜூலையில் தடை வந்தபோது அது ஆயத்தமாக இருந்தது. பரீட்சைக்கு முந்திய இரவில் படிப்பவளுக்கும் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே படிப்பவளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த அளவுகோலை அவருடைய எடுத்துக்காட்டின் மீதே வைத்துப் பார்த்தால், ஷாம்பு பாக்கெட் தேறவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படும் அப்பாக்கெட்டைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது மிகக் கடினம். கிழித்து எறியப்பட்டவை சாக்கடையை அடைக்கின்றன. வாய்க்காலிலும் குளத்திலும் சேர்கின்றன. அந்தச் சாக்கடையும் பெரும்பாலும் ஏழையின் வாசலில்தான் ஓடுகிறது. விற்றவர்க்கு இலாபம், வாங்கியவர்க்கு வசதி, குப்பை மட்டும் யாருக்கும் சொந்தமில்லை.

முடிவுரை

இந்திய அரசு 2009-இல் பிரகலாதுக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. உலகின் முதன்மையான மேலாண்மைச் சிந்தனையாளர் என்ற தகுதி 2007-இலும் 2009-இலும் அவருக்குக் கிடைத்தது. 2010 ஏப்ரல் 16-ஆம் நாள், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், தமது 68-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் கூறிய அனைத்தும் சரி என்று நாங்கள் எழுத வரவில்லை. பூச்சைப் பற்றி அவர் கூறியதை நாங்கள் ஏற்கவில்லை. பாக்கெட்டுக்கு விடை இன்னும் கிட்டவில்லை. ஆயினும், செல்வாக்கின் உச்சியில் இருந்த ஒருவர், தம் அறிவு பரம ஏழைக்கு என்ன பயன் தருகிறது என்று தம்மைத் தாமே கேட்டுக் கொண்டாரே, அதுவே அவரிடம் நாம் கற்க வேண்டியது. தொழிலாளியின் அறிவை மதித்த இளைஞர்தான், ஏழையின் அறிவை மதித்த பேராசிரியராக வளர்ந்தார். வேர் ஒன்றே.

எங்கள் வகுப்பில் சிலர் நாளை வங்கியில் அமரலாம். சிலர் கடை வைக்கலாம். சிலர் தொழிற்சாலையில் கணக்கு எழுதலாம். எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், இந்தப் பொருளை வாங்குபவர் யார், இதைச் செய்தவருக்குக் கூலி என்ன, பயன்படுத்திய பின் இது எங்கே போகும் என்னும் மூன்று கேள்விகளை மறவாமல் கேட்போம். பாக்கெட்டுக்கு மாற்று காணும் அறிவு நம் பள்ளியின் ஏதேனும் ஒரு பெஞ்சில் இப்போதே அமர்ந்திருக்கக் கூடும். அவள் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் தெருவிலிருந்து வருபவளாக இருந்தால், அந்த விடை இன்னும் விரைவில் கிடைக்கும் என்றே நம்புகிறோம்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, வணிகவியல் பிரிவு மாணவியர்